லிமிட்டுக்குள்ளதானே சார்?

இந்தக் கேள்விய கேட்டவங்க ஸ்ட்ரக்சர் டிசைன்ல இருக்குற ஒரு ஜூனியர். நான் டெஸ்ட் பக்கம், விண்ணுக்குப் போற ஸ்ட்ரக்சர் ஏவும்போது வர்ற அதிர்வத் தாங்குமான்னு ஆட்டிப் பாக்குறவன். இன்னைக்கும் ஷேக்கர், அதாவது ஆட்டுற மேசை இருக்குற ரூமுக்குள்ள போனா அதுதான் ஞாபகத்துக்கு வருது.

அன்னைக்கு ரேண்டம் ஃபுல் லெவல், அதாவது எல்லா அதிர்வெண்ணும் கலந்த முழு பலத்து ஆட்டம், 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 2000 வரைக்கும் ஓட்டி முடிச்சாச்சு. வழக்கம்போல முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு லோ லெவல் சைன் ஸ்வீப் (அதிர்வெண்ண மாத்திக்கிட்டே லேசா ஆட்டிப் பாக்குறது), ரெண்டு கர்வையும் ஒண்ணுமேல ஒண்ணு போட்டுப் பாத்தா முதல் பக்கவாட்டு மோட், அதாவது அது பக்கவாட்டுல இயல்பா ஆடுற முதல் அதிர்வெண், 48 ஹெர்ட்ஸ்ல இருந்தது 46.5-ல வந்து நிக்குது. 3 சதவீதம் சொச்சம். டெஸ்ட் பிளான்ல 5 சதவீதம் வரைக்கும் பாஸ், அந்த 5-ஐ எழுதினதே நான்தான். மத்த மோட் எதுவும் அசையல, ஷேக்கரோட பிடிக்குற ஃபிக்ஸ்சர் போல்ட்டெல்லாம் டார்க் (இறுக்கின அளவு) சரியா இருந்துச்சு.

திறந்து பாக்கணும்னு சொன்னேன். அதுக்குத்தான், "லிமிட்டுக்குள்ளதானே சார்? அதுக்குள்ள இருந்தும் நம்பமாட்டோம்னா லிமிட் எதுக்குப் போட்டோம்?"

நான் சொன்னது, பாஸ் ஆகுறது வேற, ஏன் மாறுச்சுன்னு தெரியுறது வேற. அதிர்வெண்ணோட வர்க்கத்த ஒட்டித்தான் விறைப்பு மாறுது, அதனால 3 சதவீதம் எறங்கினா விறைப்பு கிட்டத்தட்ட 6 சதவீதம் போயிருக்கு, அது எங்க போச்சுன்னு யாராவது சொல்லுங்க. 2016 டிசம்பர்ல நாசாவோட காடார்ட் மையத்துல ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிய ஆட்டும்போது ரீடிங் எதிர்பாக்காத மாதிரி வந்து டெஸ்ட் நின்னுபோச்சு, தேடிப் பாத்தா கண்ணாடி இறக்கைய மடக்கிப் பிடிச்சிருக்குற பூட்டுல நூலளவு இடைவெளி, பெருசா ஒண்ணுமில்ல, ஆனா காரணம் தெரிஞ்சப்புறம்தான் மேல போனாங்க, இதையும் எடுத்துச் சொன்னேன். "அங்க அளவு தாண்டிச்சு சார், இங்க தாண்டலையே"ன்னுட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல. ஆனா சீனியர் நான், அதனால திறந்தோம்.

டெக்குங்குற தட்ட ரிங்கோட சேக்குற ஜாயின்ட்ல ரெண்டு மூணு போல்ட்ல டார்க் கொறைஞ்சிருந்துச்சு. ஆனா போல்ட் தலையில இருந்து பக்கத்து மெட்டல் வரைக்கும் இழுத்திருந்த பெயிண்ட் கோடு துளிகூட விலகல. அதாவது போல்ட் சுத்தல. ரெண்டு உலோகப் பரப்பும் ஒண்ணோட ஒண்ணு அழுந்தி உக்காந்ததுல இறுக்கம் போயிருக்கு. புது ஜாயின்ட் எதுவா இருந்தாலும் முதல் ஆட்டத்துல கொஞ்சம் இப்படி ஆகத்தான் செய்யும், அதுக்குத்தான் அந்த 5 சதவீதமே. நான் கண்டுபிடிச்சது குறையா, இல்ல இயல்பா? அன்னைக்கு கெத்தா "பாத்தீங்களா"ன்னேன். இப்ப அந்தக் கோட்ட நினைச்சா அவ்வளவு உறுதியா சொல்ல முடியல.

அவங்க சொன்னதுல எனக்கு இன்னும் உறுத்துறது வேற ஒண்ணு. திறந்தா கனெக்டர் கழட்டணும், மறுபடி இறுக்கணும், மறுபடி ஆட்டணும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்த உலோகத்தோட ஆயுசுல கொஞ்சம் போகுது, பறக்கப்போற பொருள் சார் இதுன்னாங்க. உண்மைதானே? போல்ட்ட இறுக்கிட்டு, அந்தப் பக்கவாட்டு அச்சுல மட்டும் திரும்ப ஆட்டினோம். 47.6-ல நின்னுச்சு, 48-க்கு வரவே இல்ல, அதுக்கப்புறம் நகரவும் இல்ல. நகராம நின்னதுதான் முக்கியம்னு நான் சொல்லிக்கிறேன், திறக்காம இன்னொரு ஸ்வீப் ஓட்டிருந்தா 46.5-லயும் அப்படியே நின்னிருக்குமோ என்னமோ.

பறந்துச்சு, நல்லாத்தான் போச்சு. அது யாருக்கு சாட்சி சொல்லும்?

போன ரிவ்யூல அவங்களே அடுத்த ஸ்ட்ரக்சருக்கு டெஸ்ட் பிளான் கொண்டுவந்தாங்க, லிமிட் 3 சதவீதம்னு போட்டிருந்தாங்க. நான்தான், ஜாயின்ட் உக்காருறதுக்கே அவ்வளவு போயிடும், 5-ஏ இருக்கட்டும்னு சண்ட போட்டு மாத்த வெச்சேன்.