கட்டம் கட்டமாக

அடுத்த வாரம் ஒரு புதிய டேப்லெட் அறிமுகமாகிறது என்பதால், பாளையங்கோட்டையில் பொறியியல் படிக்கும் என் அக்கா மகன் பத்து நாள்களாக ஒரே வதந்தியை நான்கு விதமாக எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறான். வீரவநல்லூரில் இருக்கும் என் அப்பாவுக்கு, அதாவது அவனுடைய தாத்தாவுக்கு, ஒரு டேப்லெட் வாங்க வேண்டும். "மாமா, புதுசு வர்ற வரைக்கும் பொறுப்போமா, இருக்கிறதை இப்பவே வாங்கிருவோமா?" என்பது அவன் கேள்வி. நான் காத்திருந்த கதை கொஞ்சம் நீளமானது என்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

2010 ஜனவரி 27 அன்று இரவு பதினொன்றரை மணிக்கு, சான் பிரான்சிஸ்கோவில் காலை பத்து மணியாக இருந்தபோது, ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடை அறிமுகப்படுத்த மேடையேறினார். அன்று நேரடி ஒளிபரப்பு கிடையாது. அரங்கில் இருந்தவர்கள் தட்டச்சிட்டு அனுப்பிய வரிகளையும் படங்களையும் பார்ப்பதற்காக, பக்கத்தை நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதற்கு முன்பு, கருவியின் பெயர் 'ஐசிலேட்' என்று இணையமெங்கும் ஆரூடம் சொன்னார்கள். இதை அப்பாவிடம் சொன்னபோது, தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அவர், "சிலேட்டால? அப்ப அழிக்கதுக்குக் கோவையிலையும் சேத்துத் தருவானா?" என்று கேட்டார். விலை 999 டாலர் இருக்கும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜாப்ஸ் அந்த எண்ணையே முதலில் திரையில் காட்டி, சற்று நேரம் நிற்கவிட்டு, பிறகு 499 ஆக்கினார். ஆயிரம் என்று மனத்தைத் தயார்ப்படுத்தியவனுக்கு ஐந்நூறு மலிவாகத் தெரியும் என்னும் வித்தையை நம் ஊர்ப் பாத்திரக்கடைக்காரரும் அறிவார். ஆனாலும் நானும் மயங்கினேன்.

மறுநாளே ஏமாற்றக் குரல்கள் எழுந்தன. கேமரா இல்லை, யூஎஸ்பி துளை இல்லை, ஆப்பிளின் கையடக்க ஐபாட் டச் கருவியைப் பெரிதாக்கியதுதானே என்றார்கள். எனக்கு அவை பெரிய குறையாகப் படவில்லை. ஒருமுறை மின்னேற்றினால் பத்து மணி நேரம் ஓடும் என்ற ஒரு வரி மட்டும் மனத்தில் தங்கியது. மின்வெட்டு வெறும் தொல்லை என்ற நிலையைத் தாண்டி, அன்றாடக் கால அட்டவணையாகவே மாறிக்கொண்டிருந்த ஊரில் வாழ்பவனுக்கு, அதுதான் உண்மையான அறிவிப்பு. கயத்தாற்றுக் காற்றாலைகள் வேகமாகச் சுழலும் ஆனி, ஆடி மாதங்களில்தான் எங்களுக்குச் சற்று மூச்சு வரும்.

அமெரிக்காவில் ஏப்ரல் 3 அன்று விற்பனைக்கு வந்த அந்த ஐபேட், இந்தியக் கடைகளை எட்டியது 2011 ஜனவரிக் கடைசியில். தொடக்க விலை 27,900 ரூபாய். ஐந்து வாரம்கூட ஆகவில்லை, மார்ச் 2 அன்று இரண்டாம் ஐபேடை அறிவித்துவிட்டார்கள். முதலாவதை ஆசையாக வாங்கியிருந்த நண்பர் ஒருவர் ஆனித் தேரோட்டத்துக்கு ஊருக்கு வந்தபோது, பை நிறைய அல்வா இருந்தது. கருவியைப் பற்றி மட்டும் அவராகப் பேச்செடுக்கவில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 5 அன்று டெல்லியில் 'ஆகாஷ்' வெளியானது. மாணவர்களுக்கான மலிவுக் கணினி. அரசு கொடுத்த விலை ஒன்றுக்குச் சுமார் 2,250 ரூபாய். அன்று சரஸ்வதி பூஜை. புத்தகங்களையெல்லாம் அடுக்கிச் சந்தனம் வைத்து, எதையும் தொடக்கூடாது என்று பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்த நாளில், ஏழங்குலப் புத்தகம் ஒன்று பிறந்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். மறுநாள் விஜயதசமிக் காலையில் ஜாப்ஸ் காலமான செய்தி வந்தது. ஆகாஷின் மீது நான் வைத்த நம்பிக்கை அளவுக்கு மீறியது என்று இப்போது தெரிகிறது. 366 மெகாஹெர்ட்ஸ் செயலியும், 256 எம்பி நினைவகமும், நகத்தால் அழுத்தினால்தான் உணரும் திரையும் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதை எண்களைப் படித்தபோதே ஊகித்திருக்கலாம். விலையைப் பார்த்த கண் வேறெதையும் பார்க்கவில்லை.

அந்த மயக்கத்திலேயே வண்ணார்பேட்டையில் ஒரு கடையில், பெயர் கேள்விப்படாத ஆண்ட்ராய்டு 2.2 டேப்லெட் ஒன்றை வாங்கி வீரவநல்லூருக்குக் கொண்டுபோனேன். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை ஒவ்வொன்றாக மின்னூலாக்கி வைத்திருந்தது. அப்பா அவற்றைச் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். பக்கத்தைத் திறந்தால் வரிசை வரிசையாக வெற்றுக் கட்டங்கள். அந்த ஆண்ட்ராய்டில் தமிழ் எழுத்துருவே இல்லை. அப்பா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "என்னல இது, பாண்டி விளையாடக் கட்டம் போட்டு வச்சிருக்கான்?"

ஓபரா மினி உலாவியில் 'opera:config' என்று தட்டி, சிக்கலான எழுத்துகளைப் படமாக அனுப்பச் சொல்லும் ஓர் அமைப்பை மாற்றினால் தமிழ் தெரியும் என்பதை அந்நாளில் தமிழ் படித்தவர்கள் ஒருவருக்கொருவர் மந்திரம்போலச் சொல்லிக்கொடுத்தோம். எழுத்து தெரிந்தது, பெரிதாக்கினால் பிசிறடித்தது. கண்புரை அறுவை செய்துகொண்டவருக்கு அது போதாது. ஆண்ட்ராய்டு 4.0 வந்த பிறகே கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நின்றன. ஐபேடில் கருவியோடு சேர்ந்த தமிழ் விசைப்பலகை, தமிழ் 99, அஞ்சல் என இரு வகையாக, 2013 செப்டம்பரில் அதன் இயங்குதளமான ஐஓஎஸ் 7 உடன் வந்தது. முதல் ஐபேடோ ஐஓஎஸ் 5.1.1 உடன் நின்றுவிட்டது. 27,900 ரூபாய் கொடுத்த என் நண்பரின் கருவிக்கு அந்த விசைப்பலகை வரவே இல்லை.

ஆகவே, ஒரு கருவி எப்போது வெளியானது என்று கேட்டால் நான் மேடை நாளைச் சொல்வதில்லை. அமெரிக்காவுக்கு 2010, இந்தியாவுக்கு 2011, வீரவநல்லூர்த் திண்ணைக்கு 2013.

வரப்போகும் டேப்லெட்டிடம் நான் எதிர்பார்ப்பதும் இந்த அனுபவத்தின் அளவுக்குத்தான். எத்தனை மில்லிமீட்டர் மெலிந்தது என்பது எனக்கு வேண்டாம். படுத்துக்கொண்டு பிடித்தால் கை கடுக்கிறதா என்பது வேண்டும். முதல் ஐபேட் 680 கிராம். அரைக் கிலோவுக்கு மேலே போனால் எண்பதைத் தாண்டிய மணிக்கட்டு தாங்காது. பகல் வெளிச்சத்தில் திரை கண்ணாடியாக மாறி முகத்தைக் காட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எத்தனை ஆண்டுகள் புதுப்பிப்பு தருவார்கள் என்பதை விற்பவர் வாயால் கேட்க வேண்டும், ஏனென்றால் நம் மொழிக்கான வசதிகள் பெரும்பாலும் பின்னால் வரும் புதுப்பிப்பில்தான் வருகின்றன.

அக்கா மகனுக்கு என் பதில் இதுதான்: பொறு, ஆனால் புதியதற்காக அன்று, அது வந்ததும் பழையதன் விலை இறங்குவதற்காக. பிறகு கடைக்குப் போய் இரண்டையும் கையில் எடுத்து, மதுரைத் திட்டத்தின் ஒரு பக்கத்தைத் திறந்து, எழுத்தை இரு மடங்காக்கி, கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை என்று பத்து நிமிடம் பிடித்துக்கொண்டு நில். அதுவரை தாத்தாவிடம் மூச்சுவிடாதே, சொன்னால் நாள்தோறும் விடிந்ததும் "வந்துட்டால?" என்று எனக்குத்தான் போன் வரும்.