172 நாள் கணக்கு

இண்டியானாபொலிஸ் நகரின் நடுவில் இருக்கிற விக்டரி ஃபீல்ட் மைதானத்தில் எனக்குச் சாயங்கால வேலை. பேஸ்பால் ஆட்டத்தில் வீசப்படும் ஒவ்வொரு பந்தையும் கணினியில் பதிய வேண்டும். வேகத்தையும் சுழற்சியையும் கேமராக்களே அளந்துவிடும். பந்து எந்த வகை, அடித்தது யார் கைக்குப் போனது என்பதையெல்லாம் ஒரு ஆள் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு நாள் ஆட்டம், திங்கள் விடுமுறை. இங்கே ஆடுவது பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் டிரிபிள்-ஏ அணி, அதாவது அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்குக்கு ஒரே ஒரு படி கீழே. நாளைய நட்சத்திரம் என்று பேசப்படும் பைரேட்ஸ் பையன்கள் பெரும்பாலும் எங்கள் திரையைத் தாண்டித்தான் மேலே போகிறார்கள்.

2024 வசந்தத்தில் பால் ஸ்கீன்ஸ் இங்கே பந்து வீசினார். அணிகள் புது வீரர்களை வரிசைப்படி எடுக்கும் டிராஃப்டில், 2023-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர், ஒப்பந்த போனஸ் மட்டுமே 92 லட்சம் டாலர். மணிக்கு 100 மைலைத் தாண்டும் அவருடைய வேகப்பந்தான ஃபாஸ்ட்பாலைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். நான் சொக்கிப்போனது ஸ்பிளிங்கர் என்கிற அவருடைய இன்னொரு வகைப் பந்தில். 94, 95 மைல் வேகத்தில் நேராக வருவது போலவே வரும், ஹோம் பிளேட்டை நெருங்கியதும் பொத்தென்று இறங்கிவிடும். பேட்டர் மட்டையை வீசி முடித்திருப்பார், பந்து கேட்சரின் கையுறையில் தரையோடு தரையாகக் கிடக்கும். அதை எந்த வகையில் சேர்ப்பது என்று மென்பொருளே தடுமாறியது. இங்கே அவர் வீசியது 27 இன்னிங்ஸுக்குச் சற்று மேல். பேட்டரை மட்டையால் அடிக்க விடாமல் வெளியேற்றும் ஸ்ட்ரைக்-அவுட் 45, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்ட ஓட்டமான இ.ஆர்.ஏ. 0.99.

அப்படியும் மேஜர் லீக்கில் அவர் இறங்கியது மே 11 அன்றுதான். கையைப் பாதுகாக்கிறோம், மெல்ல ஏற்றுகிறோம் என்றார்கள். அது பொய்யில்லை, ஆரம்பத்தில் மூன்று இன்னிங்ஸோடு நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஆனால் காலண்டரும் அணிக்குச் சாதகமாகத்தான் இருந்தது.

கணக்கு இதுதான். மேஜர் லீக்கில் ஆறு வருட சர்வீஸ் முடித்த பிறகே ஒரு வீரர் விரும்பிய அணிக்குப் போகலாம். ஒரு சீசன் ஏறக்குறைய 187 நாள், அதில் 172 நாள் மேலே இருந்தால் ஒரு வருடம். இரண்டு மூன்று வாரம் தாமதமாகக் கூப்பிட்டால் போதும், அந்த வருடம் கணக்கில் சேராது, அணிக்கு இன்னொரு வருட உரிமை சும்மா கிடைக்கும். 2015-இல் சிகாகோ கப்ஸ் அணியின் கிரிஸ் பிரையன்டுக்குக் கணக்கில் வந்தது 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு! முறையிட்டார். 2020-இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது.

உரிமையாளர்களும் மேஜர் லீக் வீரர்கள் சங்கமும் போட்ட 2022 ஒப்பந்தம் இதைக் கொஞ்சம் திருத்தியது. சிறந்த புதுமுகத் தேர்வில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் முழு வருடமும் சேரும். ஸ்கீன்ஸ் அந்த விருதை வென்றார், வருடமும் கிடைத்தது. சரியான ஏற்பாடு. கூடவே இன்னொன்றும் வந்தது: பெயர்பெற்ற இளம் வீரரைச் சீசன் தொடக்கத்திலேயே ஏற்றி, அவர் அந்த விருதை வென்றால் அணிக்கு ஒரு கூடுதல் டிராஃப்ட் தேர்வு. சீக்கிரம் ஏற்றச் சொல்லும் பரிசுதான். அதே பரிசு தாமதத்துக்கும் காரணமாகும் என்பதை 2025-இல் எங்கள் இன்னொரு இளம் பந்துவீச்சாளர் பப்பா சாண்ட்லர் விஷயத்தில் கண்ணால் பார்த்தேன்.

ஏப்ரலிலும் மேயிலும் அவர் பந்தைத் தொடவே பேட்டர்கள் திணறினார்கள். பிட்ஸ்பர்க் தோற்றுக்கொண்டிருந்தது, கூப்பிடவில்லை. கோடை நடுவில் வாக் கொடுப்பது, அதாவது நான்கு தவறான பந்து வீசி பேட்டரைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்புவது, கூடியது, பந்து எல்லையை விட்டு விலகத் தொடங்கியது. பார்த்தாயா, இன்னும் தயாராகவில்லை என்றார்கள் எங்கள் அறையில் சிலர். எனக்கு அது ஏற்கவில்லை. கற்றுக்கொள்ள வேண்டியதை முடித்த ஆளை அதே வகுப்பில் உட்கார வைத்தால் கவனம் சிதறத்தான் செய்யும். ஆகஸ்ட் 22 அன்று கூப்பிட்டார்கள். முதல் ஆட்டத்திலேயே நான்கு இன்னிங்ஸ் ஓட்டமே விடாமல் வீசி, வெற்றியைக் கடைசிவரை காத்தவருக்கான ‘சேவ்’ எடுத்தார். சீசன் முடிய மீதி 38 நாள். அடுத்த வருடமும் புதுமுகமாக எண்ணப்பட மேலே இருக்கலாம் என்ற எல்லை 45 நாள். 2026-இலும் அவர் புதுமுகம்தான், பரிசுக்கும் வாய்ப்பு உண்டு.

சீக்கிரம் ஏற்றக் கூடாது என்று இளம் பேட்டர் ஜாக்சன் ஹாலிடேயைக் காட்டி வாதாடுபவர்கள் உண்டு. 2024 ஏப்ரலில் பால்டிமோர் அவரை ஏற்றியது, 34 முறை ஆடி இரண்டே ஹிட், திருப்பி அனுப்பிவிட்டார்கள். உண்மைதான். ஆனால் அதே வருடம் ஜூலை 31-இல் மறுபடி வந்த அன்றே கிராண்ட் ஸ்லாம், அதாவது ஒரே அடியில் நான்கு ஓட்டம், அடித்தாரே! மேலே போய்த் தோற்பதும் பயிற்சிதான், அதைக் கீழே இருந்து பெற முடியாது.

அப்புறம் காசு. கீழ்மட்ட லீக் வீரர்களுக்கான 2023 ஒப்பந்தப்படி டிரிபிள்-ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 35,800 டாலர். அதுவே பெரிய முன்னேற்றம், அதற்கு முன் 17,500. மேஜர் லீக்கில் 2025-இன் குறைந்தபட்சம் 7,60,000, நாள் ஒன்றுக்குச் சுமார் 4,000 டாலர். சாண்ட்லர், ஸ்கீன்ஸ் போன்றவர்கள் பெரிய போனஸ் வாங்கியவர்கள், தாங்கிக்கொள்வார்கள். டிராஃப்டின் இருபதாவது சுற்றில் வந்து, தங்கையின் கல்லூரிக் கட்டணம் கட்டுகிற பையனுக்கு மேலே மூன்று வாரம் என்பது இங்கே வாங்கும் இரண்டு வருடச் சம்பளத்துக்கும் மேல்.

மேஜர் லீக்கின் அந்த 2022 ஒப்பந்தத்துக்கு 2026 டிசம்பர் 1 தான் கடைசி நாள். சம்பள உச்சவரம்புதான் பெரிய சண்டையாக இருக்கும். அந்தச் சத்தத்தில் இந்த 172 காணாமல் போய்விடக் கூடாது. விரும்பிய அணிக்குப் போகும் விடுதலையை நாள் கணக்கிலிருந்து எடுத்து வயதோடு கட்டுங்கள் என்பது என் கட்சி. 2021-இல் உரிமையாளர்கள் 29.5 வயது என்றார்கள், அது மிக அதிகம். 27 என்று வைக்கட்டும். அப்போது, 2025-இல் 19 வயதில் 65 முறை அடுத்த பேஸுக்குத் திருட்டுத்தனமாக ஓடிச் சேர்ந்த பைரேட்ஸின் கானர் கிரிஃபின் போன்ற ஒருவரைக் கீழே நிறுத்தி வைக்கும் ஒவ்வொரு நாளும் அணிக்கே நஷ்டம்.