வரிசைன்னு ஒண்ணு கிடையாது

“டேட்டாபேஸ்ல வரிசைன்னு ஒண்ணு கிடையாதுண்ணே.”

நான் சொன்னது இவ்வளவுதான். 2012 மே மாதம், மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருந்தது. “அப்படியா, அப்பச் சரி தம்பி” என்று சொல்லிவிட்டு அண்ணன் கவுண்ட்டருக்குப் போய்விட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை, முகம்கூட மாறவில்லை. ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. தப்பாகச் சொல்லியிருந்தால்கூட, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று விட்டுவிடலாம். நான் சொன்னது சரி. டேட்டாபேஸிடம் பேசும் மொழியான எஸ்.கியூ.எல். கற்றுத்தரும் யாரும் அதைத்தான் சொல்வார்கள்: அட்டவணையில் இருக்கும் வரிகளுக்குத் தானாக ஒரு வரிசை கிடையாது. அதுதான் தொந்தரவே.

அண்ணன் பெயர் வேண்டாம். மீனவர்களுக்கான அந்தச் சேவை மையத்தில் எனக்கு ஏழு வருஷம் முன்னால் சேர்ந்தவர். மையத்தின் தளத்தில் இருந்த இணைப்புப் பக்கம் முழுக்க அவர் கைவேலை. நோட்பேடில் எழுதிய ஒரே எச்.டி.எம்.எல். கோப்பு, 412 இணைப்புகள். சென்னை வானிலை மையம், ஐதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸின் மீன்வளப் பகுதித் தகவல், அலை உயரம், மீன்வளத் துறைப் படிவங்கள், மண்டபம் ஆராய்ச்சி நிலையம், இலங்கை வானிலை, அமெரிக்கக் கடற்படையின் புயல் பக்கம் வரைக்கும் இருக்கும். இணைப்பு மட்டும் என்றால் யாரும் சேர்த்துவிடலாம். ஒவ்வொன்றின் கீழும் அவர் ஒரு குறிப்பு எழுதியிருப்பார். மீன்வளப் பகுதித் தகவலுக்குக் கீழே “மேகம் மூடினால் இன்று வராது, காத்திருக்க வேண்டாம்” என்று இருக்கும். செயற்கைக்கோள் கடல் மேல்பரப்பின் வெப்பத்தையும் பாசியின் நிறத்தையும் பார்த்து, மீன் எங்கே கூடும் என்று சொல்லும் தகவல் அது. மேகம் மறைத்தால் என்ன செய்யும்? இந்த விளக்கமெல்லாம் அவர் எழுத மாட்டார். காத்திருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

இதை மாற்ற வேண்டும் என்று நானாக ஆசைப்படவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த இணைப்பை எத்தனை பேர் தட்டுகிறார்கள் என்ற கணக்கு தலைமை அலுவலகத்துக்கு வேண்டியிருந்தது. செத்துப்போன இணைப்புகள் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. நானும் அண்ணனும் ஒரே நாளில் கோப்பைத் திறந்து திருத்தினால், கடைசியாக ஏற்றியவர் வேலை நிற்கும், மற்றவர் வேலை போகும். இரண்டு முறை அப்படிப் போனது. இரண்டு முறையும் என் வேலைதான் போனது என்பதையும் சொல்ல வேண்டும். ஆக, டேட்டாபேஸில் ஓடும் மென்பொருளுக்கு மாற்றலாம் என்று முடிவானது. “உனக்கு எஸ்.கியூ.எல். தெரியும்ல?” என்று கேட்டார்கள். “பாத்துக்கலாம் சார்” என்றேன். இதற்குத் தமிழில் ‘தெரியாது’ என்று அர்த்தம். அவர்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

தடைக்காலத்தில் செய்துவிடலாம் என்றது நான்தான். அப்போதெல்லாம் 45 நாள், 61 ஆனது பிறகுதான். ஏப்ரல் 15 முதல் விசைப்படகு எல்லாம் கரையில், யார் இணைப்புப் பக்கம் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. காலையில் அலுவலகம் வரும்போது கண்ணால் பார்த்துக்கொண்டேதான் வந்தேன்.

இலவச மென்பொருள் ஒன்று கிடைத்தது. பி.எச்.பி.யில் எழுதியது, சர்வரில் ஒரு பொத்தானைத் தட்டினால் தானே நிறுவிக்கொண்டது. கட்டளைகளை இணையத்தில் எங்கேயோ பார்த்து எடுத்து ஒட்டினேன். அட்டவணைப் பெயரை மட்டும் மாற்றுவேன். தெரிந்த ஒருவர் போனில் ஒரே புத்தி சொன்னார்: “அழிக்கும்போது ‘வேர்’ போட மறந்துடாத, மொத்தமும் போயிரும்.” எந்த வரியை என்று சொல்லும் ஆங்கிலச் சொல் அது. அந்த ஒரு பயத்தில்தான் அந்த மாதம் ஓடியது.

அண்ணனின் கோப்பிலிருந்து ஒவ்வொன்றாக எக்ஸெலில் ஒட்டி, சி.எஸ்.வி. என்ற வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தேன். திறந்து பார்த்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறி. எக்ஸெல் அப்படித்தான் செய்யும் என்று தெரிந்துகொள்ள ஒரு நாள். சேமிக்கும்போதே எந்த எழுத்துமுறை என்று ஓப்பன் ஆபீஸ் கேட்கும் என்று கண்டுபிடிக்க இன்னொரு நாள். அப்புறம் ஏற்றினேன். தளத்தில் தமிழ் அழகாகத் தெரிந்தது. டேட்டாபேஸுக்குள் போய்ப் பார்த்தால் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு ‘ஆர்’, திரும்பத் திரும்ப அதே ஜோடி, வரி வரியாக. வெளியே சரியாகத்தானே தெரிகிறது, உள்ளே எப்படி இருந்தால் என்ன என்று விட்டுவிட்டேன்.

உள்ளே எப்படி இருந்தது என்பதுதான் விஷயம். அந்த நாள் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் எழுத்துகளை ‘லத்தீன்1’ என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஓர் எழுத்துக்கு ஒரு பைட் இடம். தமிழுக்கோ யூடிஎஃப்-8 என்ற எழுத்துமுறையில் எழுத்துக்கு மூன்று பைட், துணைக்காலுக்கும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாக மூன்று. ‘மீன்பிடி’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, அதற்கு 24. அட்டவணையில் விளக்கத்துக்கென்று இருந்த பத்தியின் (ஆங்கிலத்தில் ‘காலம்’) அளவோ 255 பைட். மிஞ்சினால் வெட்டிவிடும். பிழை என்று நிற்காது, சொல்லாமல் வெட்டும்.

வானிலைப் பக்கத்துக்குக் கீழே அண்ணன் எழுதியிருந்தது இது: “காலை 5 மணிக்குப் பார்த்தால் நேற்றைய தேதியே இருக்கும். மேலே தேதியைப் பார்க்காமல் கடலுக்குப் போகாதீர்கள்.”

255இல் வெட்டியதும் இப்படி நின்றது: “மேலே தேதியைப் பார்க்காமல் கடலுக்குப் போ”. அதற்குப் பக்கத்தில் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி. அடுத்த ‘க’வுக்கு மூன்று பைட் வேண்டும், மிச்சம் இருந்தது இரண்டு.

கண்டுபிடித்தவர் அண்ணன். “தம்பி, இங்க வாயேன். உன் டேட்டாபேஸு நம்மளக் கடலுக்குப் போகச் சொல்லுதுப்பா” என்று கூப்பிட்டார். கவுண்ட்டரில் நின்ற இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காதெல்லாம் சூடாகிவிட்டது. நான்கு நாள் அந்தக் குறிப்பு அப்படியே இருந்திருக்கிறது. தேதி பார்க்காமல் யாரும் போகவில்லை. போனதாகத் தகவல் இல்லை என்று எழுதுவதுதான் நேர்மை. மத்தியானத்துக்குள் பத்தியை நீளமானதாக மாற்றி, யூடிஎஃப்-8 என்று சொல்லி, மொத்தத்தையும் மறுபடி ஏற்றினேன். வெட்டியது திரும்ப வராது, மூலக் கோப்பு இருந்ததால் பிழைத்தேன்.

சாயங்காலம் அண்ணன் திரும்ப வந்தார். “தம்பி, நான் போட்ட வரிசை எங்க?”

மென்பொருள் எல்லாவற்றையும் அகர வரிசையில் அடுக்கியிருந்தது. பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ‘அலை உயரம்’ முதல் பக்கத்தில். ‘டீசல் மானியப் படிவம்’ நடுவில். ‘புயல் எச்சரிக்கை’ அதற்கும் பின்னால். ‘வானிலை’ என்று தொடங்கும் அத்தனையும் கடைசிப் பக்கத்தில். இருபது இருபதாகப் பிரித்ததில் அது 21ஆம் பக்கம்.

அப்போதுதான் சொன்னேன், டேட்டாபேஸில் வரிசை என்று ஒன்று கிடையாது என்று.

இதை எத்தனை முறை திருப்பிப் பார்த்திருப்பேன். காலையில் நாலு பேர் முன்னால் சிரிக்க வைத்துவிட்டார், அதற்குப் பதிலா இது? இல்லை, அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்த தொனி எனக்கு நினைவிருக்கிறது. நிறையப் படித்தவன் மாதிரி இருந்தது. இரண்டு நாள் முன்னால் நான் ஓர் இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தேன். அது அட்டவணையின் கடைசியில் போகாமல், அழித்ததன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஏன் என்று தேடியபோது ஆங்கிலத்தில் யாரோ யாருக்கோ எழுதிய பதிலில் அந்த வாக்கியத்தைப் பார்த்தேன். எனக்கு அது ஓர் ஆறுதல், என் தப்பு இல்லை என்று. அந்த ஆறுதலைத்தான் எடுத்து அண்ணனிடம் நீட்டினேன். அவர் கேட்டது வேறு.

அந்தப் பதிலில் இரண்டாவது பாரா ஒன்று இருந்தது. வரிசை வேண்டுமானால் எண்ணுக்கென்று ஒரு பத்தி சேர்த்துக்கொள், கேட்கும்போது ‘ஆர்டர் பை’ போட்டு அந்த எண்ணைச் சொல் என்று. அதை அன்றைக்கே படித்தேனா, பிற்பாடு வேறு வேலைக்காக எஸ்.கியூ.எல். முறையாகக் கற்றபோது படித்ததை அங்கே கொண்டுபோய் ஒட்டிக்கொள்கிறேனா? இது எனக்கே தெரியவில்லை. படித்திருந்தால் நான் சொன்னது பொய். படிக்காவிட்டால் வெறும் அறியாமை. பத்து நிமிஷ வேலை அது. சரி, அன்றைய எனக்கு ஒரு நாள் வேலை. அந்த மென்பொருளின் கோப்பைத் திறந்து ஒரு சொல்லை மாற்ற வேண்டும். திறக்க பயம். அது பயம்தான் என்றால் “பயமா இருக்குண்ணே” என்று சொல்லியிருக்கலாமே.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அவருடைய வரிசை என்ன என்று நான் கேட்கவே இல்லை. வடகடல் பக்கங்கள் ஒரு கட்டு, தென்கடல் பக்கங்கள் ஒரு கட்டு என்று இருப்பது தெரியும். எது மேலே எது கீழே என்பது அவர் இஷ்டம் என்று நினைத்திருந்தேன். கவுண்ட்டரில் உட்காரும் அக்காதான் பிறகு சொன்னார், வருஷத்துக்கு இரண்டு முறை அண்ணன் அதைப் புரட்டிப்போடுவார் என்று. வாடைக்காற்று பிறந்தால் வடகடல் கொந்தளிக்கும், அந்தக் கட்டை வெட்டி மேலே ஒட்டுவார். தென்மேற்குக் காற்றான கச்சான் தொடங்கினால் தென்கடல் மேலே போகும். நான் வேலையை ஆரம்பித்த மே மாதத்தில் அவர் அதைப் புரட்டி முடித்துப் பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. ஆக, நான் எண் பத்தி சேர்த்திருந்தாலும் சரியாகியிருக்காது. 412 எண்களை வருஷத்துக்கு இரண்டு முறை யார் மாற்றுவது? இதைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொண்ட நாள்கள் உண்டு. வாடைக்கு ஓர் எண், கச்சானுக்கு ஓர் எண் என்று இரண்டு பத்தி போட்டால் முடிந்தது என்று இப்போது தெரியும். தேற்றிக்கொண்டது அதோடு போச்சு.

மாற்றியதால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். செத்த இணைப்புகள் அறுபதுக்கு மேல் களைந்தோம். தேடினால் கிடைத்தது. தலைமை அலுவலகத்துக்குக் கணக்கு போனது, அந்தக் கணக்கைக் காட்டித்தான் அடுத்த வருஷம் மையத்தை நடத்தினார்கள் என்றும் கேள்வி. ஆனால் அந்த மே மாதத்துக்குப் பிறகு அண்ணன் ஓர் இணைப்பும் சேர்க்கவில்லை. “நீயே போட்ருப்பா” என்று துண்டுச் சீட்டில் முகவரி எழுதிக் கொடுப்பார், குறிப்பு இருக்காது. “கீழ என்ன போடணும்ணே?” என்று ஒரு தடவை கேட்டேன். “ஒனக்குத் தெரிஞ்சதப் போடு” என்றார். எனக்கு என்ன தெரியும்?

ஒரு நாள் காலையில் சீக்கிரம் போனேன். கவுண்ட்டர் கணினியில் பழைய பக்கம் திறந்திருந்தது. பெண்டிரைவிலிருந்து நேராகத் திறந்த கோப்பு, மேலே முகவரிப் பட்டையில் டிரைவின் எழுத்து தெரிந்தது. எதிரே ஒருவர் தென்கடல் காற்றைக் கேட்டுக்கொண்டு நின்றார். அண்ணன் என்னைப் பார்த்தார், நான் என் மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

போன வருஷம் ஒரு கல்யாண விஷயமாக அவருக்குப் போன் செய்தேன். மையம் மூடி ரொம்ப நாளாகிறது. இப்போதெல்லாம் எல்லாம் வாட்சப்பில் வந்துவிடுகிறது என்றார். பேச்சுவாக்கில் பழைய பக்கத்தைப் பற்றி நான் எடுத்தேன். ‘ஆர்டர் பை’ வரைக்கும் போய்விட வேண்டும் என்ற எண்ணம்.

அவர் முந்திக்கொண்டார். “ஏம்ப்பா, அந்தக் ‘கடலுக்குப் போ’ ஞாபகமிருக்கா?” என்று சிரித்தார். அந்தப் பக்கம் பக்கத்தில் இருந்த யாருக்கோ கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கிவிட்டார், போனைக் காதில் வைத்தபடியே. தம்பி கம்ப்யூட்டர்ல பெரிய ஆளு என்றும் இடையில் ஒரு வார்த்தை விழுந்தது. நானும் சிரித்தேன். வரிசையைப் பற்றிக் கேட்கவில்லை.