கடன் இல்லாத ஆத்தா

2002-இல் வறுமைக்கோட்டுப் பட்டியலுக்கான கணக்கெடுப்பில், ராமநாதபுரம் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கினேன். படிவத்தில் நிலம், வீடு, துணி, சாப்பாடு, படிப்பு, கடன் என்று 13 குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 52. மதிப்பெண் குறைந்தால்தான் ஏழை. தோற்றால் பாஸ்.

துணிக் கேள்விதான் பெரிய அவஸ்தை. எத்தனை சேலை இருக்கிறது என்று கேட்க நாக்கு எழாது. கொடியில் காய்வதை ஓரக்கண்ணால் எண்ணிக்கொள்வேன்.

கரிமூட்டத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் ஆத்தா. முழங்கால் போனபின் வீட்டோடு கிடந்தார். எப்போதோ அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. பூச்சு உதிர்ந்தாலும் காங்கிரீட் கூரைதானே, அதற்கு 3. பிழைப்புத் தேடி வெளியூர் போகவில்லை, அதற்கும் 3. நடக்க முடிந்தால்தானே போவார்!

"கடன் இருக்கா ஆத்தா?"

"எனக்கு எவன்யா கடன் குடுப்பான்?"

இந்தப் பதிலுக்குக் கட்டமே இல்லை. அன்றாடச் செலவுக்கு வட்டிக்காரரிடம் வாங்கியிருந்தால் 0. கடன் இல்லாமல் சொத்தும் இருந்தால் 4. "வீடு இருக்குல்ல, அது சொத்துதானே? 4 போடுங்க" என்றார் மேற்பார்வையாளர். போட்டேன். போன திட்டத்தில் கிடைத்த வீடே அடுத்த திட்டத்துக்கு அவரை வசதியானவராக்கிவிட்டது.

இதில் இன்னொரு கூத்து. எத்தனை பேர் ஏழை என்பது எங்கள் படிவங்களைக் கூட்டி வந்ததல்ல. மத்திய அரசின் திட்டக்குழு போட்ட 1999-2000 வறுமை மதிப்பீட்டைத் தாண்டக் கூடாது, மிஞ்சினால் 10 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம் என்று மேலேயே முடிவாகியிருந்தது. அந்த எண்ணிக்கை நிரம்பும் மதிப்பெண்ணில் கோடு விழும்.

சில வருடங்கள் கழித்து வேறொரு மாவட்டத்தில், கிராம வறுமை ஒழிப்புக்கான புதுவாழ்வுத் திட்டத்தில், ஏழைகளை அடையாளம் காணும் மக்கள் நிலை ஆய்வுக்குப் போனேன். கோலப்பொடியில் ஊர்ப்படம் போட்டு, யார் மிகவும் ஏழை என்று ஊராரே சொல்ல வேண்டும். "காய்ச்சல்ல படுத்தா கஞ்சி வச்சுக் குடுக்க ஆள் இல்லாதவதான்" என்றார் ஒரு பெண். எழுதிக்கொண்டே, இதற்கு எத்தனை மதிப்பெண் என்று பழக்கதோஷத்தில் யோசித்தேன்.

சரி, இதுதான் சரியான வழி என்று மகிழ்ந்தபோது கவனித்தேன்: படத்தில் காலனித் தெரு இல்லை. அங்கிருந்து ஒருவர்கூடக் கூட்டத்துக்கு வரவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. அந்தப் பழைய படிவம் எத்தனை தப்பாக இருந்தாலும் எல்லா வாசலையும் தட்டியது. மறுநாள் கோலப்பொடியை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போய், படத்தை முதலிலிருந்து போட்டோம்.