ஆடியில் அரை நாள்

கல்யாணம் இல்லாத மாதம் என்பதால் ஆடியில் அச்சகம் ஈயடிக்கும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆவணியில் நடக்கிற கல்யாணத்துக்கு ஆடியிலேயே பத்திரிகை அடித்தாக வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. போதாததற்கு ஜவுளிக்கடைகளின் ஆடித் தள்ளுபடி பிட் நோட்டீஸ், தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் கூழ் ஊற்றும் நோட்டீஸ், அதற்கு நன்கொடை ரசீதுப் புத்தகம். ஆடி முதல் வாரம் மட்டும் கொஞ்சம் மூச்சு விடலாம். பதினெட்டாம் பெருக்கு நெருங்க நெருங்க மிஷின் நிற்காது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஆடிப் பட்டத்தை நம்பித்தான் நான் தோட்டம் போட இறங்கினேன்.

மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது எங்கள் அச்சகம். முதலாளியையும் சேர்த்து ஏழு பேர். பெயருக்கு நான் டிசைனர். ஆனால் புரூஃப் பார்ப்பது, கஸ்டமரிடம் பேசுவது, காகிதக்கடைக்கு போன் போடுவது, பைண்டிங்குக்கு ஆள் வராத நாளில் உட்கார்ந்து மடிப்பது எல்லாமே என் வேலைதான். சின்ன தொழில் என்றால் அப்படித்தான். முகூர்த்த சீசனில் ராத்திரி ஒன்பதரைக்கு முன்னால் வீடு திரும்பினதாக ஞாபகம் இல்லை. எல்லாம் முடிந்து பிளேட் போடப் போகும் நேரத்தில் ஒரு வாட்ஸ்அப் வரும்: “மேடம், தாய்மாமன் பேர் விட்டுப்போச்சு.” தாய்மாமன் பேரை விட்டால் கல்யாணமே நடக்காது. வேறு வழியில்லை, திரும்பக் கோப்பைத் திறக்க வேண்டியதுதான்.

வீடு ஆனையூர்ப் பக்கம். மொத்தம் நாலு சென்ட். வீடு கட்டியதுபோகப் பின்னால் இரண்டு சென்ட் சும்மா கிடந்தது. சுமார் 870 சதுர அடி. அதில் துணி காயப்போடும் கம்பி, உடைந்த சைக்கிள், வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல் துண்டு, இறுகிப்போன சிமெண்ட் மூட்டை. 2022 ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தபோது, இங்கே ஏன் காய்கறி போடக் கூடாது என்று தோன்றியது. தோன்றியதுதான் தப்பு. மறுநாளே ஒத்தக்கடை வேளாண் கல்லூரிப் பக்கம் போய்வந்த தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து, என்ன விதை, எப்போது, எத்தனை அடி இடைவெளி என்று ஒரு காகிதம் நிறைய எழுதி வாங்கிவிட்டேன்.

அச்சகத்தில் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு ஜாப் கார்டு உண்டு. தாள் என்ன, எத்தனை கலர், எப்போது பிளேட், எப்போது டெலிவரி எல்லாம் அதில் இருக்கும். அதே மாதிரி தோட்டத்துக்கும் ஒன்று டிசைன் செய்து, பிரிண்ட் எடுத்து, சமையலறைக் கதவில் ஒட்டினேன். வெண்டை: விதைப்பு ஆடி 3, அறுப்பு 45ஆம் நாள். தண்டுக்கீரை: 25ஆம் நாள். கத்தரி: 30 நாளில் நாற்றைப் பிடுங்கி நட வேண்டும். யார் என்றைக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று மகனுக்கும் மகளுக்கும் கட்டம் போட்டிருந்தேன். அத்தைக்கு ஒரு கட்டம்கூட இல்லை. எழுபது வயசில் அவரை எதற்குச் சிரமப்படுத்துவது என்று நினைத்தேன். அதை மரியாதை என்றே நம்பினேன்.

அந்த வருஷம் ஒன்றுமே ஒழுங்காக வரவில்லை. முதல் காரணம் மண். மேலாக நாலு விரல்கடை மண், அதற்குக் கீழே சிமெண்ட் கட்டி. இரண்டாவது தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் உப்பு. வாளியின் ஓரத்தில் வெள்ளையாகப் படியும். அதையே ராத்திரி பத்து மணிக்கு செல்போன் டார்ச் வெளிச்சத்தில் ஊற்றினேன். இலைகள் ஓரம் கருகி, யாரோ தீக்குச்சி காட்டியதுபோல ஆயின. பிழைத்துக் கிடந்த வெண்டைச் செடிகளில் நரம்பெல்லாம் மஞ்சளாகி, இலையே வலைபோல ஆனது. மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்புகிற நோய், வந்துவிட்டால் மருந்து கிடையாது, செடியைப் பிடுங்கி அழிக்க வேண்டும் என்றார்கள். பிடுங்கினேன். மொத்த மகசூல் ஒன்பது வெண்டைக்காய். எண்ணிப் பார்த்தேன், ஒன்பதுதான்.

அவரை மட்டும் செழித்தது. கேலி செய்வதுபோலச் செழித்தது. கொடி துணிக்கம்பியில் ஏறி, மதில் தாண்டி, பக்கத்து வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்தது. பூ மட்டும் இல்லை. புரட்டாசி போயிற்று, ஐப்பசி போயிற்று. வெறும் இலை. வெட்டிவிடலாம் என்று அரிவாளை எடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தோட்டத்தைப் பற்றி வாயைத் திறந்தார்.

“ஏத்தா, அதை எதுக்கு வெட்டுறவ? அவரை பனி விழுந்தாத்தான் பூக்கும். பேசாம போட்டு வையி.”

அத்தை உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரிக் காட்டில் வளர்ந்தவர். பிற்பாடு விசாரித்ததில், நாட்டு அவரை ரகங்கள் பகல் பொழுது குறைந்தால்தான் பூவெடுக்கும் என்று தெரிந்தது. அத்தை பனி என்று சொன்னதும் இதைத்தான். மார்கழியில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துத் தை முழுக்கக் காய்த்தது. 45 நாள், 25 நாள் என்று எழுதிய என் ஜாப் கார்டில் பனிக்குக் கட்டம் இல்லை.

இரண்டாம் வருஷம் கொஞ்சம் புத்தி வந்தது. வீட்டுக்காரர் மினி வேன் ஓட்டுகிறார். தெரிந்த ஆளிடம் சொல்லி ஒரு டிராக்டர் கரம்பை, அதாவது கண்மாய் வண்டல் மண், இறக்கினார். சிமெண்ட் கட்டியைத் தோண்டி எடுக்க நாலு ஞாயிறு ஆனது. விளாச்சேரியிலிருந்து மண்பானைகள் வாங்கிவந்து கழுத்துவரை புதைத்தோம். பானையில் தண்ணீர் நிரப்பி மூடிவிட்டால் மெல்லக் கசிந்து வேரை நனைத்துக்கொண்டே இருக்கும். நான் ராத்திரி டார்ச்சோடு அலைய வேண்டியதில்லை. மாநகராட்சித் தண்ணீர் வருகிற நாளில் பானைக்கு நல்ல தண்ணீர், மற்ற நாளில் அரிசி களைந்த தண்ணீர்.

அச்சகமும் தன் பங்குக்கு உதவியது. தாள் கட்டைச் சுற்றி வரும் காக்கித் தாளை எடுத்துப்போய்ச் செடிகளைச் சுற்றி விரித்து, மேலே சருகைப் போட்டேன். வெயிலில் ஈரம் நின்றது. மை பட்ட தாளையும் பளபளப்பான ஆர்ட் பேப்பரையும் மண்ணில் போட எனக்கு மனசு வரவில்லை. அப்புறம் பிளேட். ஆஃப்செட்டில் ஒரு கலருக்கு ஒரு அலுமினியத் தகடு. வேலை முடிந்ததும் பழைய விலைக்குப் போடுவார்கள். நாலு தகடு கேட்டதற்கு முதலாளி, “எடை போட்டு எடுத்துக்கம்மா” என்றார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே எடை போட்டார். மிஷின்மேன் அண்ணன்தான் நல்ல மனிதர். மிச்சமிருந்த மஞ்சள் மையைத் தகட்டில் உருட்டிக் காயவைத்து, “இதுல விளக்கெண்ணெயைத் தடவித் தோட்டத்துல கட்டு தங்கச்சி. வெள்ளை ஈ மஞ்சளைப் பாத்தா வந்து ஒட்டிக்கிரும்” என்றார். அவர் வீட்டு மாடியில் பத்துத் தொட்டி இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பதினோரு வருஷமாகப் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறோம்.

மிச்சத் தகடுகளை மயில் விரட்டக் கட்டித் தொங்கவிட்டோம். எங்கள் பக்கம் மயில் தொல்லை அதிகம். முளைத்த நாற்றை ஒன்று விடாமல் கொத்திவிட்டுப் போகும், அடிக்கவும் கூடாது. ஆடிக் காற்றில் தகடுகள் ராத்திரி முழுக்கக் கடகடவென்று அடித்துக்கொண்டதில் மயில் போனதோ இல்லையோ, பக்கத்து வீட்டு அக்கா கோபித்துக்கொண்டார். பாதித் தகட்டை அவிழ்த்தோம்.

இப்படி எல்லாம் கூடிவந்த நேரத்தில்தான் அந்தத் தப்பு நடந்தது. ஆவணிக் கல்யாணம், 600 பத்திரிகை. முகூர்த்த நேரத்தை 9.00 - 10.30 என்று மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். புரூஃப் அனுப்பினேன், ஓகே ஆனது. பிளேட்டுக்கு மட்டும் மாற்றாத பழைய கோப்பைக் கொடுத்துவிட்டேன். 7.30 - 9.00 என்றே அச்சாகி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவ எடுத்தபோது பெண்ணின் அப்பா பார்த்திருக்கிறார். திரும்ப அடித்துக் கொடுத்தோம். செலவில் பாதியை இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். பணத்தைவிட முதலாளி சொன்னதுதான் குத்தியது: “மண்ணைக் கிண்டுற நேரத்துக்குத் தூங்கியிருந்தா கண்ணு தெரிஞ்சிருக்கும்.”

முந்தின ராத்திரி பதினொரு மணிவரை அதே அச்சகத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அதை அவர் சொல்லவில்லை. ஆனால் காலையில் நாலரைக்கு எழுந்து கொத்துப் போட்டதும் உண்மைதான். அவர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதிதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது.

தோட்டத்துப் பக்கமே போகக் கூடாது என்று முடிவு செய்தேன். மூன்று வாரம் போகவில்லை. பின்கதவைத் திறக்கவே இல்லை. யாரும் என்னை எதுவும் கேட்கவும் இல்லை.

ஒரு ஞாயிறு மதியம் துணி எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். நான் அளந்து போட்ட வரிசை எதுவும் இல்லை. கத்தரிக்கு நடுவில் கொத்தமல்லி, மதில் ஓரம் புடலைப் பந்தல், பிஞ்சு வளையாமல் இருக்க நுனியில் கல் கட்டித் தொங்கியது. பந்தலுக்குக் கூரை, எழுத்துப் பிழையால் எங்கள் அச்சகத்திலிருந்து தள்ளுபடியாகி வந்த ஒரு ஃப்ளெக்ஸ். கும்பிட்டபடி நிற்கும் பிரமுகர் ஒருவர் புடலைக்காய்க்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரை இலையில் அசுவினி வந்திருக்கிறது என்று மகள் அடுப்புச் சாம்பலைத் தூவிக்கொண்டிருந்தாள். மகன் பானைகளுக்குத் தண்ணீர் ஊற்றினான். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டி நீட்டி இரண்டு பேரையும் ஏவிக்கொண்டிருந்தார். என் ஜாப் கார்டைத் தேடினேன். அதில் வெண்டை விதையைப் பொட்டலம் கட்டியிருந்தார்கள்.

சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் எரிச்சல்தான் வந்தது. என் தோட்டம், என் ஞாயிற்றுக்கிழமைகள், சம்பளத்தில் பிடித்த என் பணம். இரண்டு நாள் சரியாகப் பேசாமல் இருந்தேன். அப்புறம் புடலைக்காய்க் கூட்டு வைத்தார்கள், சாப்பிட்டேன். தோட்டம் போட்டால் மனசு லேசாகும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். எனக்கு அது இரண்டாவது வேலையாகத்தான் இருந்தது. நான் நகர்ந்துகொண்ட பிறகுதான் வீட்டில் மற்றவர்களுக்கு அதில் கைவைக்க இடம் கிடைத்தது. நேரம் நிறைய உள்ள ஆளாக நான் இருந்திருந்தால் அத்தை இன்னும் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார்.

இப்போது என் பொறுப்பில் இருப்பது மல்லி மட்டும்தான். தெற்கு மூலையில் நாலு செடி. ராமேஸ்வரம் போன வீட்டுக்காரர் வழியில் தங்கச்சிமடத்தில் வாங்கிவந்த பதியன்கள். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு வாங்கியது 2013இல். நாற்று என்னவோ பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. கார்த்திகைக் கடைசியில் கவாத்து செய்துவிட்டால் பங்குனியில் மொட்டு வைக்கும். விடியுமுன் பறிக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. முகூர்த்த நாளில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லி விலை எகிறும். அதே முகூர்த்தம்தான் என்னையும் அச்சகத்தில் கட்டிப்போடுகிறது. அந்த நாட்களில் ஒரு முழம் வீட்டுப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு போவதில் எனக்கு ஒரு அற்பத் திமிர் உண்டு. சனிக்கிழமை தோறும் ஒரு மஞ்சப்பையில் அவரையோ கத்தரியோ அச்சகத்துக்கும் போகிறது. முதலாளியும் எடுத்துக்கொள்வார். எடை போடுவதில்லை.

போன ஆடியில் அரை நாள் லீவு கேட்டேன். விதைப்பு அன்றைக்காவது கூட நிற்க வேண்டும் என்று ஆசை. துணிக்கடை நோட்டீஸ் பத்தாயிரம் நிற்கிறது, அவசரம் என்றார் முதலாளி. இரண்டு நாள் ராத்திரி கூடுதலாக உட்கார்ந்து அதை முடித்துக் கொடுத்து, சண்டை போடாத குறையாக வியாழக்கிழமை மதியம் லீவு வாங்கினேன். செல்லூர் வழியாக வண்டியை விரட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், பாத்தியெல்லாம் நனைந்திருந்தது. விதைத்து முடித்து அத்தை கை கழுவிக்கொண்டிருந்தார்.

“நான் வர்றேன்னு சொன்னேன்ல அத்தை?”

“உனக்காகப் பட்டம் காத்துக்கிட்டு இருக்குமாத்தா? காலையில நல்லா ஈரம் இருந்துச்சு, போட்டுட்டோம். நீ போய்ச் சோத்தைத் தின்னுட்டுச் சித்தப் படு. கண்ணெல்லாம் செவந்து கெடக்கு.”

சாப்பிட்டேன். பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பாயைப் போட்டேன். ஆறு மணிக்கு மகள் டீயோடு எழுப்பும்வரை தூங்கினேன்.