பம்ப் நன்றாகத்தான் இருந்தது

சித்திரைத் திருவிழாவுக்கு வந்த உறவினர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சிய கூட்டத்தில் நனைந்த துணிகள் மட்டும் எங்கள் வீட்டில் தங்கின. அந்த நேரம் பார்த்துத்தான் வாஷிங் மெஷின் நின்றது. பாதி டிரம் அழுக்குத் தண்ணீர், திரையில் ஒரு பிழைக் குறியீடு. முன்பக்கக் கதவு உள்ள வகை என்பதால், தண்ணீர் வெளியேறும்வரை கதவும் திறக்காது.

சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். “பம்ப் போயிருக்கும் சார், மாற்ற வேண்டும்” என்றார்கள். நாடி பிடிக்காமலே மருந்து எழுதும் வைத்தியம்! நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். மெஷினின் கீழ் ஓரத்தில் உள்ள சிறிய மூடியைத் திறந்தால் ஃபில்டரும், பக்கத்தில் விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாயும் இருக்கும். அது தரையை ஒட்டி இருப்பதால் வாளி நுழையாது. தாம்பாளத்தை வைத்துப் பிடித்து, நிறைந்ததும் குழாயை அடைத்து, கொட்டிவிட்டு மறுபடியும் பிடிக்க வேண்டும். இடுப்பு ஒடிகிற வேலை. வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை பொறுப்பது நல்லது.

ஃபில்டரை இடப்பக்கமாகத் திருகி எடுத்தேன். ஒரு ஊக்கு, ஒரு ரூபாய் நாணயம், கூழாகிப்போன திருநீற்றுப் பொட்டலம், இவற்றையெல்லாம் சுற்றிக்கொண்டு மல்லிகைச் சரத்தின் வாழைநார். மதுரை வீட்டு மெஷினில் வேறு என்ன கிடைக்கும்? உள்ளே டார்ச் அடித்து, பம்பின் சிறு விசிறியை விரலால் சுற்றிப் பார்த்தேன். வழுவழுவென்று சுற்றாமல் விட்டுவிட்டுத் துள்ளியது. இதைக் கண்டு பம்ப் பழுது என்று பயப்பட வேண்டாம். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் திரும்பும்.

எல்லாவற்றையும் கழுவி மாட்டி, கொஞ்சம் தண்ணீர் நிரப்பி, வெளியேற்றும் கட்டத்தை மட்டும் ஓட விட்டேன். பம்ப் உறுமியது, தண்ணீர் இறங்கவில்லை.

அடுத்து செய்த சோதனைதான் விஷயத்தை உடைத்தது. பின்னால் சுவருக்குள் போகும் ஹோஸை உருவி, துவைக்கும் கல்லின் மேல் வைத்த வாளிக்குள் விட்டேன். வாளியைத் தரையில் வைக்கக் கூடாது. பம்ப் ஓடாவிட்டாலும் தண்ணீர் தானாகவே வழிந்து நம்மை ஏமாற்றிவிடும். வழக்கமாக ஹோஸ் நிற்கும் உயரத்துக்கே வாளியின் வாயும் இருக்க வேண்டும். பெரும்பாலான மெஷின்களுக்கு அது தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ. ஓட விட்டதும் வாளி சடசடவென்று நிறைந்தது. ஆக, பம்ப் நிரபராதி. குற்றவாளி சுவருக்குள் இருந்தான்.

கரப்பான் பூச்சி வராமலிருக்க, ஹோஸ் நுழையும் இடத்தைச் சுற்றி பிளம்பர் எம்சீல் வைத்து இறுக அடைத்திருந்தார். அதனால்தான் சுவருக்குள் உள்ள குழாய் அடைத்தும் தண்ணீர் வெளியே பொங்கி வழியவில்லை. பம்ப் முட்டி முட்டி நின்றிருக்கிறது. அந்தக் குழாயின் கீழே உள்ள எல்போவை, அதாவது வளைவுத் துண்டை, கழற்றினால், சாம்பல் நிறத்தில் மெழுகு போன்ற கட்டி. எங்கள் பகுதி போர் தண்ணீரில் உப்பு அதிகம். கல்லில் காலர் தேய்க்கும் சோப்பு அந்தத் தண்ணீரில் நுரைக்காமல் திரிந்து படிகிறது. துணிப் பஞ்சும் தேங்காய் நாரும் அதோடு சேர்ந்து இறுகிவிடுகின்றன. கம்பியால் குத்திக் கிளறி, மேலிருந்து வேகமாகத் தண்ணீர் விட்டதும் துண்டு துண்டாக வெளியே வந்தது.

இப்போது ஹோஸ் குழாய்க்குள் தளர்வாக நிற்கிறது; பூச்சிக்குத் தடையாகச் சுற்றிலும் கொசுவலைத் துண்டு. காற்றுக்கு வழி இருப்பதால், குழாய்க்குள் இருக்கும் கழிவுநீர் ஹோஸ் வழியாக மெஷினுக்குள் இழுபடவும் வாய்ப்பில்லை. மறுநாள் சர்வீஸ் சென்டரிலிருந்து அழைத்து, புதுப் பம்ப் தயாராக இருக்கிறது, எப்போது வரட்டும் என்று கேட்டார்கள். வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.