மூன்று தடவை மாற்றிய கியர் ஆயில்

இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து என்னால் கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால்தான் 2015 மாடல் ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஓசூரில் இருக்கும் அம்மாவைப் பார்க்க வாரம் ஒரு தடவை போய்வர அந்த வண்டிதான் எனக்குக் கால்.

போன மழைக்காலத்தில் பெங்களூர் சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தேன். இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறும்போது பின்னாலிருந்து யாரோ இடித்தது போல ஒரு உதறல். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வந்த பஸ் தள்ளித்தான் இருந்தது. மீட்டரில் 78,000 கிலோமீட்டர்.

கியர் ஆயிலை மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் சென்டரில் கொடுத்த எஸ்டிமேட் 34,800 ரூபாய். 60,000-ல் நானாகவே கேட்டபோது, "இது லைஃப்டைம் ஆயில் சார், மாற்றவே வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியவர்களும் இவர்களேதான். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. வண்டியோடு வந்த புத்தகத்தை அன்று இரவு புரட்டினேன். நின்று நின்று போகும் டிராஃபிக்கில் ஓட்டினால் அது கடும் பயன்பாடு, ஆயிலை மாற்ற வேண்டும் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. பெங்களூரில் வேறு என்ன டிராஃபிக் இருக்கிறது?

மறுநாள் போய், எத்தனை லிட்டர், லிட்டர் என்ன விலை என்று கேட்டேன். பன்னிரண்டு லிட்டராம். கியர்பாக்ஸின் மொத்தக் கொள்ளளவே ஏழுதான். மெஷின் வைத்து ஃபிளஷ் செய்யும்போது புது ஆயில் பழையதைத் தள்ளிக்கொண்டு போவதால் கூடுதலாகச் செலவாகும், அது நியாயம்தான். ஆனால் அதே எஸ்டிமேட்டில் இஞ்சின் ஃபிளஷ், த்ராட்டில் பாடி கிளீனிங், கூலன்ட் எல்லாம் நுழைந்திருந்தன. நான் கேட்காதவை.

அப்புறம் நண்பர் சொல்லி வில்சன் கார்டனில் ஒரு சின்ன கேரேஜுக்குப் போனேன். கிருஷ்ணகிரிக்காரர், ஆட்டோமேட்டிக் மட்டும் பார்க்கிறவர். ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஃபிளஷ் வேண்டாம் சார். இவ்வளவு நாள் மாத்தாத வண்டி, அழுக்கு கிளம்பி வால்வுல போய் அடைச்சா வம்பு. மூணு தடவையா மாத்தலாம்" என்றார்.

கணக்கு இதுதான்: அடியில் திறந்துவிட்டால் மூன்றரை லிட்டர்தான் வரும், மீதி பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டரிலேயே (இஞ்சின் சக்தியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி) தங்கிவிடும். முதல் தடவை பாதி புதுசு, இரண்டாவதில் முக்கால், மூன்றாவதில் ஏறக்குறைய 87 சதவீதம். இடையில் ஆயிரம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்ட வேண்டும்.

புது ஆயில் ரோஜா சர்பத் நிறம். என் வண்டியிலிருந்து இறங்கியது டிகாஷன். முகர்ந்தால் கருகல் வாடை. கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டைக் கழற்றி அதிலிருந்த காந்தத்தை என் உள்ளங்கையில் வைத்தார். அதன்மேல் சாம்பல் நிறத்தில் மை போன்ற பசை. விரலால் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். "நைசா இருந்தா தேய்மானம், பரவாயில்ல. செதில் செதிலா இருந்தா கியர்பாக்ஸைப் பிரிக்கணும் அண்ணே." நைசாகத்தான் இருந்தது. அந்த நிமிடம்தான் மூச்சு வந்தது.

வடிந்ததை அளவு போட்ட கேனில் ஊற்றி, அதே அளவு புதிதாக ஊற்றினார். பிறகு ஸ்கேனரை மாட்டி, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் சூடு 50 டிகிரியைத் தாண்டியதும் லெவல் பார்த்தார். சூடேறினால் ஆயில் விரியும், அதனால் சும்மா பார்க்கிற லெவல் தப்பாகிவிடும்.

செலவைச் சொல்கிறேன். ஜேசி ரோட்டில் நானே வாங்கிய கம்பெனி ஆயில் 11 லிட்டர், லிட்டர் 820 வீதம் 9,020. ஃபில்டரும் கேஸ்கெட்டும் 2,950. மூன்று தடவைக்கும் சேர்த்துக் கூலி 2,700. மொத்தம் 14,670 ரூபாய்.

இந்தத் தொகை டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்குக்குத்தான். சிவிடி (படிப்படியான கியர்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்) என்றால் அதற்கென்று தனி ஆயில், மாற்றி ஊற்றினால் பெல்ட் வழுக்கிக் கெட்டுவிடும். தயவுசெய்து கேன்மேல் இருக்கும் நம்பரைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள்.

உதறல் முதல் தடவையிலேயே பாதி குறைந்தது. மூன்றாவதற்குப் பிறகு ஓசூர் போய்வந்தேன், மூன்றாம் கியர் விழுந்ததே தெரியவில்லை. அடுத்து 1,20,000-ல் வரச் சொல்லி, பானட்டுக்குள் மார்க்கரால் எழுதிவைத்திருக்கிறார்.